ரேகை தேய்ந்தால் ரேஷன் இல்லையா?

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் மலைக் கிராமத்து விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மாரமங்கலம், வாழவந்தி, நாகலூர்ப் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள் இருட்டுமுன் வீடு போய்ச் சேரவேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்ட நோட்டீஸில் “டிஜிட்டல் உரிமை” என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்த ஒரு தோழர், “இதெல்லாம் பட்டணத்துப் படித்த பிள்ளைகள் சமாசாரமாச்சே, காப்பி பறிக்கிறவனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் பட்டணத்துக்குப் போகப் போவதில்லை. உங்கள் ரேஷன் கடை வாசலிலேயே நின்று சொல்கிறேன்.

பழம் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு மார்கழி மாதத்தில், இந்த மலையில் ஒரு கடையில் நான் கண்ணால் கண்டது இது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். கடையில் நிற்கும் விற்பனையாளரும் ஒரு தொழிலாளிதான். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போவது நம் வேலையல்ல.

எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு ஆயா. தனிக்கட்டை. வரிசையில் நின்று, முறை வந்ததும் மிஷினில் கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஏற்கவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பிறகு இடதுகை. பத்து விரலும் தோற்றுப் போயின. “ரேகை விழலே ஆயா. போன் இருக்கா? நம்பர் ஒண்ணு வரும், அதைச் சொன்னாலும் போதும்” என்றார் விற்பனையாளர். போன் பேரனிடம் இருக்கிறது. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். “சரி, நாளன்னிக்கு வாங்க, பார்ப்போம்” என்றார். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவரும் என்ன செய்வார்?

ஆயா நகர்ந்து நின்று தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ தப்புச் செய்துவிட்ட பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “என் கையி என் கையில்லேங்குதா தம்பி, இந்த மிஷினு?” என்றார்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் என்ன பதில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த ரேகை எங்கே போயிற்று?

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார் என்று சரித்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி தோண்டியவன் பெயர் இல்லை. போகட்டும். அன்றிலிருந்து இன்றுவரை செடியைக் கவாத்து செய்தது, மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்து ஏறியது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்தது, பனியில் பழம் உருவியது எல்லாம் கைதான். பட்டையும் முள்ளும் கல்லும் விரல் தோலை ராவுகின்றன. சுண்ணாம்பு அரிக்கிறது. குளிர்காலத்தில் தோல் வறண்டு வெடிக்கிறது. வயதானால் தோல் தன் இறுக்கத்தையே இழக்கிறது. விரல் ரேகை என்பது தோலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம். அது தேய்ந்துபோனால் மிஷினுக்குப் படிக்க ஒன்றுமில்லை.

கவனியுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர் விரலில் ரேகை பளிச்சென்று இருக்கிறது. ஐம்பது வருஷம் உழைத்தவர் விரலில் இல்லை. ரேஷன் அரிசி இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடியவரை மிஷின் உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. அரிசி இல்லாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டுக்காரியைத் “தெரியாது” என்கிறது. யாரும் சதி செய்து இப்படி அமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிற கையைப் பற்றி யோசிக்காமலேயே அமைத்தார்கள் என்கிறேன்.

இன்னொரு விஷயம். கடையில் இருக்கும் அந்தச் சிறு பெட்டி தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. அது விரலைப் படம்பிடித்து, ரேகையின் புள்ளிகளைக் கணக்கெடுத்து, எங்கோ தூரத்திலுள்ள மத்திய சர்வருக்கு அனுப்பி, “ஆம்” அல்லது “இல்லை” என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. ஒரு படி அரிசி கைக்கு வரவேண்டுமானால் கரண்ட் இருக்கவேண்டும், மிஷின் ஓடவேண்டும், டவர் கிடைக்கவேண்டும், சர்வர் விழித்திருக்கவேண்டும், விரலும் ஒத்துழைக்கவேண்டும். ஐந்தும் ஒரே நிமிஷத்தில் சேரவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, சோலைக்குள் அடங்கிய ஊர்களில் டவர் எப்படிக் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றுலா விடுதிகளில் நன்றாகக் கிடைக்கிறது. லயன் வீட்டில் பாறைமேல் ஏறி நின்றால் கிடைக்கிறது.

யார் போட்ட கோடு?

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உலவுகிறது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

“இவள்தான் அவள்” என்று மிஷின் சத்தியம் செய்வதே இல்லை. பதிவில் இருக்கும் ரேகையும் இப்போது வைத்த ரேகையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். எத்தனை மதிப்பெண் வந்தால் “பாஸ்” என்ற கோட்டை யாரோ ஒரு மனிதர் போட்டு வைத்திருக்கிறார். கோட்டை உயர்த்தினால் யோக்கியமானவர்கள் அதிகம் பேர் வெளியே நிற்பார்கள். தாழ்த்தினால் சில போலிகள் உள்ளே நுழையக்கூடும். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது. அப்படியானால், ஒரு போலி நுழைவது பெரிய நஷ்டமா, ஒரு கிழவி பட்டினி கிடப்பது பெரிய நஷ்டமா? இது விஞ்ஞானி விடை சொல்லவேண்டிய கேள்வியல்ல. இது ராஜ்யப் பிரச்னை. நம்மைக் கேட்காமலே இதற்கு விடை எழுதி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள்? சர்க்காரின் வாயிலிருந்தே கேளுங்கள். 2018ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் ஆதார் வழக்கு நடந்தபோது, சர்க்கார் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவிகிதம் என்று ஆதார் ஆணையமே கணக்குக் காட்டியது. மீதி 12 எங்கே என்று கேளுங்கள். அதற்கு முன் மத்திய சர்க்காரின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஜார்க்கண்டில் 49 சதவிகிதம், ராஜஸ்தானில் 37 சதவிகிதம் சரிபார்ப்பு தோற்றதாக மதிப்பீடுகள் இருப்பதைக் குறிப்பிட்டது. இவை எதிர்க்கட்சிக்காரன் சொன்ன எண்கள் அல்ல.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டு, “வீட்டில் ஒருவர் விரல் விழாவிட்டால் இன்னொருவர் விரல் விழுமே” என்கிறார். வாஸ்தவம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவர் ரேகையாவது விழுந்துவிடும். அதனால்தான் இந்தச் சங்கடம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. தனியாக இருக்கும் கிழவிக்கு, விதவைக்கு, பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீட்டுக்கு, தொழுநோயால் விரல் மழுங்கியவருக்கு அந்த மாற்று விரல் எங்கிருந்து வரும்? நூறில் 12 என்பது நூறு வீட்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. அது தேடிப்பிடித்து மிகவும் நலிந்தவர் தலையிலேயே விழுகிறது.

ரேகையின் கதை பழைய கதை

விரல் ரேகைக்கும் நம் நாட்டுக்கும் நீண்ட பந்தம் உண்டு. 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரோடு போடச் சரக்கு கொடுக்கும் ராஜ்யதர் கோனாய் என்ற காண்ட்ராக்டரை ஒப்பந்தத் தாளில் கை முழுவதையும் மையில் பதிக்க வைத்தார். பின்னால் “இது என் கையெழுத்தல்ல” என்று சொல்லாதபடி அந்த மனிதரைப் பயமுறுத்தத்தான் அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே எழுதியிருக்கிறார். ஆரம்பமே அவநம்பிக்கை! 1897ல் கல்கத்தாவில் ரேகைக் காரியாலயம் ஒன்று வைத்தார்கள். ரேகைகளைப் பிரித்து அடுக்கும் முறைக்கு உழைத்தவர்கள் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். முறைக்குச் சூட்டிய பெயரோ மேலதிகாரி ஹென்றியுடையது.

1906ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் எல்லோரும் விரல் ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ளவேண்டும், கேட்ட இடத்தில் சீட்டைக் காட்டவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். காந்தி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் முன்னணியில் நின்றார்கள். தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை போனார். 1908 ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள்.

நம் மண்ணில் நடந்ததை மறக்கலாமா? குற்றப்பரம்பரைச் சட்டத்தை நம் ஜனங்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? ரேகைச் சட்டம் என்றுதான். குற்றம் செய்தவனையல்ல, ஒரு சாதியில் பிறந்த அத்தனை பேரையும் ரேகை பதிய வரச்சொன்ன சட்டம் அது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் ஜனங்கள் “பதியமாட்டோம்” என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஒரு பெண்ணும் செத்தார்.

சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் இங்கே இருக்கலாம். அவர்களுக்குத் “துண்டு” என்றால் என்னவென்று பாட்டன் சொல்லியிருப்பார். தொழிலாளி எவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய சீட்டு. அந்தச் சீட்டில்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. எழுதியவன் ஒருவன்; அதை வாசிக்கத் தெரியாமல் அதற்குக் கட்டுப்பட்டவன் இன்னொருவன். அந்த முறை 1921ல்தான் ஒழிந்தது.

இன்றைய ஆதாரும் அன்றைய ரேகைச் சட்டமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்குச் செய்யும் அவமரியாதையாகும். ஒன்று மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. “நான் நான்தான்” என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் ஏழையின் தோளில் இருக்கிறது. அந்த நிரூபணத்தைக் கேட்கிறவன் தப்புச் செய்தால் அதற்கு அவனுக்கு எந்தச் செலவும் இல்லை.

யந்திரத்துக்கு நாங்கள் விரோதிகளா?

“கம்யூனிஸ்டுகள் எந்தப் புது யந்திரம் வந்தாலும் எதிர்ப்பார்கள்” என்று சொல்லிவிடுவார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைக்கு இந்த மாதம் எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு விற்றது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கில் ஏற்றினால் பதுக்கல் குறையும். அதை நாம் வரவேற்கிறோம். ரேஷனில் திருட்டு நடந்ததே இல்லை என்றும் சொல்லவில்லை. திருட்டு எங்கே நடக்கிறது? கிடங்கிலிருந்து லாரி புறப்படும்போது, லாரி வழிமாறும்போது, தராசு சாயும்போது. ரேகை மிஷின் எதைப் பார்க்கிறது? வாங்க வந்தவளின் விரலை மட்டும் பார்க்கிறது. இருபது கிலோவுக்கு விரலை வாங்கிக்கொண்டு பதினெட்டுக் கிலோ போட்டால், தராசோடு இணைக்காத மிஷின் இருபது என்றே எழுதிக்கொள்ளும். மேலே உள்ளவனைச் சந்தேகிக்க ஒரு கருவி, கீழே உள்ளவளைச் சந்தேகிக்க ஒரு கருவி என்று இரண்டு இருக்கும்போது, இரண்டாவதை மட்டும் கட்டாயமாக்கினால் அதை எப்படிச் சீர்திருத்தம் என்பது?

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஜனங்கள் விட்டுக்கொடுக்காமல் காத்த ஏற்பாடு. ரேகை விழாவிட்டால் போனுக்கு வரும் எண், கண் கருவிழிப் பதிவு என்று மாற்று வழிகளும் வைத்திருக்கிறார்கள். வைத்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த வழிகளும் அன்றைக்கு அடைத்துக்கொண்டால், ஆயாவின் முகத்தைப் பார்த்து “இவரை எனக்குத் தெரியும்” என்று சொல்லி நோட்டில் எழுதி அரிசி போடுகிற அதிகாரம் அந்த விற்பனையாளருக்கு இருக்கிறதா? போட்டால் தணிக்கையில் அவர் சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள் என்ற உத்தரவாதம் இருக்கிறதா?

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடக ஹைகோர்ட்டிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, தம் எண்பதுகளில், 2012ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா ஜில்லாவில் பதினொரு வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டு ரத்தான குடும்பம். பட்டினி என்றது குடும்பம்; மலேரியா என்றது சர்க்கார். மறுமாதம் மத்திய உணவுத் துறை எல்லா ராஜ்யங்களுக்கும் எழுதியது: ஆதார் இல்லை என்றோ ரேகை பொருந்தவில்லை என்றோ யாருக்கும் தானியம் மறுக்கக் கூடாது, வேறு வழியில் கொடுத்துவிட்டு விலக்காகப் பதிவு செய்யவேண்டும் என்று. ஒரு குழந்தை போன பிறகு வந்த கடிதம்!

2018 செப்டம்பர் 26ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஆதார் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க இடங்கொடுத்த பிரிவைத் தள்ளினார்கள், அது நல்லது. ஆனால் ரேஷனுக்கும் மானியத்துக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கும் 7ஆம் பிரிவை நாலு பேர் ஏற்றுக்கொண்டார்கள். உரிமை மறுக்கப்படாது என்று சர்க்கார் உறுதி சொல்லியிருக்கிறதே என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நீதிபதி சந்திரசூட் ஒருவர் மட்டும் மறுத்தார். ஒரு மனிதரின் கண்ணியத்தைக் கணக்குச் சூத்திரத்தின் நிகழ்தகவுக்கு ஒப்படைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மார்கழிக் குளிரில் நின்ற அந்த ஆயாவின் கட்சி கோர்ட்டில் நாலுக்கு ஒன்று என்று தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விந்தையும் கேளுங்கள். 2016ல் ஆதார் சட்டம் வந்தபோது, உங்கள் ஆதார் விவரத்தை யாராவது களவாடினால் நீங்களே கோர்ட்டில் குற்றப்புகார் கொடுக்க முடியாது. ஆணையம்தான் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வீடு உன்னுடையது, திருட்டுப் போனதும் உன்னுடையது, புகார் கொடுக்கும் உரிமை மட்டும் வேறொருவருடையது. 2019ல்தான் திருத்தினார்கள்.

நூறு நாள் வேலையிலும் இதே கதை நடந்தது. 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளத்தில் காலையில் ஒன்று, பிறகு ஒன்று என்று தினம் இரண்டு போட்டோ எடுத்து மொபைல் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். மண்வெட்டி பிடித்தவர் நாள் முழுதும் உழைத்திருப்பார். டவர் இல்லாமல் போட்டோ ஏறாவிட்டால் கூலிக்கு ஆபத்து. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாக மட்டுமே பட்டுவாடா. இவ்வளவும் ஊழலை ஒழிக்க என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத போட்டோ ஏற்றுகிறார்கள், போட்டோவைப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், ஆகவே ஏறிய போட்டோக்களை ஊழியர்கள் உட்கார்ந்து சரிபார்க்கவேண்டும் என்று! திருடத் தெரிந்தவன் மிஷினையும் ஏமாற்றிவிட்டான். அகப்பட்டுக்கொண்டது டவர் கிடைக்காத மலைக்காரன்தான். 2025 டிசம்பரில் பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். அதில் ரேகை, முகச் சரிபார்ப்பு போன்றவற்றைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

சீமையில் என்ன நடந்தது?

நாம் மலைக்காட்டு ஜனங்கள், நமக்குத்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் தபாலாபீஸ் நடத்துகிறவர்களுக்கு 1999 முதல் “ஹொரைஸன்” என்ற கம்ப்யூட்டர் கணக்குமுறையைக் கொடுத்தார்கள். ஃபுஜிட்ஸு கம்பெனி நடத்தியது. கணக்கில் பணம் குறைவதாக மிஷின் காட்டும். “நான் தொடவில்லை” என்று சொன்னவர்களைத் திருடர் என்றார்கள். 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். கர்ப்பிணியாயிருந்த ஒரு பெண்ணும் சிறை போனார். தவறு மிஷினில்தான் என்று 2019ல் லண்டன் கோர்ட் கண்டறிந்தது. 2024 மே மாதம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

ஏன் இத்தனை காலம்? கம்ப்யூட்டர் சாட்சியத்தைத் தருகிறவன், அது சரியாக ஓடியது என்று முதலில் காட்டவேண்டும் என்று அங்கே ஒரு பழைய விதி இருந்தது. 1999ல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கம்ப்யூட்டர் சரியாகத்தான் ஓடும் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும்; தவறு என்பவன்தான் காட்டவேண்டும். மிஷின் கம்பெனியிடம், அதன் கணக்குகள் பூட்டில். கிராமத்துத் தபால்காரர் எதைக் காட்டுவார்?

தெலங்கானாவில் 2016 முதல் ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் கார்டுகள் ரத்தாயின. பல்வேறு பட்டியல்களை ஒட்டவைத்து “இவன் வசதியானவன்” என்று முடிவு கட்டும் கம்ப்யூட்டர் முறை அதில் பெரும் பங்கு வகித்தது. வீடு வீடாகப் போய் மறுபடி விசாரியுங்கள் என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. முதலிலேயே வீட்டுக்குப் போயிருந்தால் என்ன?

யாருடைய ரகசியம்?

2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். பெயரைக் கேட்டால் நமக்காகப் போட்டது போலிருக்கும். 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது, ஜனங்களுக்குப் பாதுகாப்பு தரும் முக்கியமான பிரிவுகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை வெட்டித் திருத்தும் பகுதியையோ உடனே அமுலுக்குக் கொண்டுவந்தார்கள்! முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் விவரத்தையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே வாசகம் இருந்தது. இப்போது “தனிநபர் தகவல்” என்று ஒரு வார்த்தை சொல்லி மனுவைத் திருப்பிவிடலாம். 8(2) பிரிவில் பொதுநலன் வாசகம் இன்னும் இருக்கிறதே என்று சர்க்கார் சொல்கிறது. இருக்கிறது, மறுக்கவில்லை. முதல் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைக் காட்டுகிறார்கள்.

எந்தப் பயனாளி பெயரில் எவ்வளவு அரிசி எழுதினார்கள், எந்தக் காண்ட்ராக்டருக்கு எவ்வளவு போயிற்று என்பதைப் பொது விசாரணையில் வாசித்துத்தான் ராஜஸ்தான் ஜனங்கள் ஊழலைப் பிடித்தார்கள்; தகவல் உரிமைச் சட்டமே அப்படிப் பிறந்ததுதான். இன்று ஆயாவின் பத்து விரலும் சர்க்கார் பெட்டியில் இருக்கின்றன, அது ரகசியமில்லை. பட்டியலில் உள்ள பெயர் ரகசியமாகிவிடப் பார்க்கிறது.

நாம் செய்யவேண்டியது

நாம் பெரிய சட்டமேதைகளாக வேண்டியதில்லை. நம் கோரிக்கையைத் தெளிவாக வைத்துக்கொண்டால் போதும். மிஷின் “இல்லை” என்றால், அதைச் சரியென்று காட்டுகிற பொறுப்பு மிஷின் வைத்தவனுடையது. அது காட்டப்படும்வரை அரிசி போடவேண்டும். போட முடியாது என்றால், ஏன் என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். வாய்வார்த்தையாக “நாளன்னிக்கு வா” என்பது இனிச் செல்லாது. நேர்மையாக அரிசி போட்ட விற்பனையாளர்மேல் கை வைத்தால் நாம் அவர் பக்கம் நிற்கவேண்டும்.

இதற்கு ஏற்கெனவே ஆயுதம் இருக்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உரிய தானியம் கொடுக்கப்படாவிட்டால் ராஜ்ய சர்க்கார் அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கவேண்டும் என்கிறது. 15ஆம் பிரிவின்படி ஜில்லாவுக்கு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி உண்டு. இது முன்னுரிமைக் கார்டுகளுக்கும் அந்தியோதயா கார்டுகளுக்கும் பொருந்தும். உங்கள் கார்டில் பி.எச்.எச். என்ற எழுத்து இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். என்.பி.எச்.எச். என்று முன்னால் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. அவர்களுக்கு 2017 கடிதத்தையும் ராஜ்ய சர்க்காரின் உறுதியையும் வைத்துக் கேட்போம்.

ஆனால் எதை வைத்துக் கேட்பது? இங்கேதான் நாம் பலவீனமாக இருக்கிறோம். “சரிபார்ப்பு தோல்வி” என்ற பதிவு எங்கோ ஒரு சர்வரில் இருக்கலாம். ஆயா வெறும் பையோடு இரண்டு மணிநேரம் மலையேறித் திரும்பினார் என்ற பதிவு எங்கும் இல்லை. மிஷினின் கணக்கில் அந்த நாளில் அவர் கடைக்கு வரவேயில்லை.

அதை நாம் எழுதவேண்டும். ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒன்றாக ஒன்பது நோட்டுகள் வாங்கி வைத்திருக்கிறோம். ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர் தேதி, நேரம், எத்தனை விரல் வைத்தார், என்ன பதில் சொன்னார்கள், எத்தனை மைல் நடந்தார், அன்றைக் கூலி எவ்வளவு போயிற்று என்று சொன்னால் நம் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நோட்டு ஊர்க்காரர்களிடமே இருக்கும். நம் அனுமதியில்லாமல் ஒரு பெயரும் வெளியே போகாது. எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போடட்டும். தெரியாதவர் மையில் விரல் வைக்கட்டும். மையிலும் ரேகை விழாவிட்டால் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் “இவர் இன்னார்தான், எங்களுக்குத் தெரியும்” என்று சாட்சி போடட்டும்.

மூன்று மாதம் எழுதுவோம். பிறகு ஒன்பது நோட்டையும் எடுத்துக்கொண்டு எல்லோருமாகச் சேலத்துக்கு இறங்குவோம், கலெக்டர் ஆபீஸுக்கு.

நோட்டுகள் அதோ அந்த மேஜைமேல் இருக்கின்றன. நாகலூர்க்காரர்கள் தூரம் போகவேண்டியவர்கள், அவர்கள் முதலில் வரட்டும்.